செங்கோடன் தடம்

கருமாங்காட்டுப்புதூருக்கு நீங்கள் பஸ்ஸில் வந்திருக்கிறீர்களா? வந்திருந்தால், டீக்கடை நிறுத்தத்தில் இறங்கியதும் பை தூக்கிய பெரியவரிலிருந்து யூனிபார்ம் போட்ட பிள்ளைகள் வரைக்கும் எல்லோரும் ஒரே இடத்தில் காலைத் தூக்கி அகட்டி வைத்துத் தாண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் என்று கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு நீங்களும் தாண்டியிருப்பீர்கள். நீங்கள் தாண்டியது என் வீட்டுக்காரருடைய ஒன்பது நாளை.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே, ஆழ்துளைப் போர் போடுகிற ரிக் வண்டிகள் வீட்டுக்கு வீடு வந்து நிற்கிற ஊர். ஆண்பிள்ளைகள் அந்த வண்டிகளில் ஏறி மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று எட்டு மாதம் ஒன்பது மாதம் போய்விடுவார்கள். எந்த ஜில்லாவில் எத்தனை அடியில் தண்ணீர் என்று எங்கள் ஊர்ப் பெண்களைக் கேட்டால் டக்கென்று சொல்வோம். அங்கே புருஷன் என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டால்தான் முழிப்போம். என் வீட்டுக்காரர் செங்கோடன் பெரியசாமியண்ணன் வண்டியில் ஏழு வருஷம் டிரில்லர். அங்கே லாரிக்காரர்கள் கசகசாக் காயின் தொலியை டீயில் போட்டுக் காய்ச்சிக் குடிப்பார்களாம், குடித்தால் முப்பது மணி நேரம் நின்றபடி ராடு மாட்டலாமாம், தோள்வலி தெரியாதாம், ஊர் நினைப்பும் வராதாம். டீயில் ஆரம்பித்தது கடைசியில் கடுகளவு கருப்பாக, அபினாக, நாக்குக்கு அடியில் வந்து நின்றுவிட்டது. கல்யாணம் ஆகி, மித்ரா பிறந்து, அவளுக்குப் பேர் வைத்து எல்லாம் ஆன பிறகும் எனக்கு அது தெரியாது.

போன சித்திரையில் மாரியம்மன் நோம்பிக்கு வந்தவர், கொண்டுவந்தது தீர்ந்துபோய், எங்கள் தோட்டத்தில் வீட்டை ஒட்டிய சோளத்தட்டுக் குடிசையில், சாளை என்போம், போய் விழுந்தார். முதல் நாள் கொட்டாவி, ஒன்று முடியுமுன் இன்னொன்று, தாடை கழன்றுவிடும்போல. இரண்டாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர், உடம்பெல்லாம் இறக்கை பிடுங்கிய கோழித் தோல்போலப் புல்லரிப்பு. மூன்றாம் நாள் எலும்புக்குள் யாரோ நடப்பதுபோலக் கால் தானாக உதைத்தது, தண்ணீர் குடித்தால் மேலேயும் கீழேயும் போயிற்று, போர்த்தினால் துணி சுடுகிறது என்றார், எடுத்தால் காற்று குத்துகிறது என்றார். ஆறு மாதப் பிள்ளைக்கு ஒரு பக்கம் பால் கொடுத்துக்கொண்டே இன்னொரு கையால் அவர் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, எருமை கூட இப்பிடி உதைக்காதுங்க" என்று நான் சொன்னதற்கு அவர் சிரிக்கப் பார்த்து, சிரிப்பதற்குள் அழுதுவிட்டார்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், அவர் கொடுத்த மாத்திரையோடு ஒன்பதாம் நாள் விட்டது. எழுந்து குளித்து ரசம் சோறு சாப்பிட்டார். ஆறு மாதம் நன்றாக இருந்தார். நானும் சீக்கு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

ஐப்பசியில் ஒரு காலை, பால் ஊற்றப் போகிறபோது அதைப் பார்த்தேன். எங்கள் சாளை வாசலில் ஆரம்பித்து, மக்காச்சோளக் காட்டை ஊடறுத்து, டீக்கடைக்கு முன்னால் தார் ரோட்டையும் தாண்டி, பெரியசாமியண்ணனின் ரிக் ஷெட் கேட் வரைக்கும் ஒரு தடம். ஒரு அடி அகலம், போர் போடும்போது வருகிற கல்மாவுபோல வெள்ளை. நேற்று இல்லை, இன்று இருந்தது. நான் பால் போசியோடு அதில் கால் வைத்தேன். வைத்ததும் எனக்குக் கொட்டாவி வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, முழங்காலுக்குள் யாரோ நடந்தார்கள். காலை எடுத்தேன், ஒன்றும் இல்லை. பால் சிந்தவில்லை, அதுவரைக்கும் நல்லது என்று தாண்டிப் போய் ஊற்றிவிட்டு, அடுத்த பஸ்ஸில் டாக்டரம்மாவிடம் போனேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. "தலைக்குள்ள பயத்துக்கு ஒரு எடம் இருக்கும்மா, நோவுக்கு ஒரு எடம், எங்க எப்ப பட்டோம்னு எழுதி வெக்கிறதுக்கு ஒரு எடம். அந்த ஒம்பது நாளும் அதுங்க ஒண்ணுகிட்ட ஒண்ணு ஓடி ஓடி நடுவுல தடம் விழுந்திருச்சு. மருந்து ஒடம்ப விட்டுப் போயிரும், நோவும் போயிரும், தடம் போகாது. டீசல் வாசம் அடிச்சாப் போதும், கம்ப்ரஷர் சத்தம் கேட்டாப் போதும், அதுல ஓட ஆரம்பிச்சிரும். சுகத்துக்கு ஏங்கித்தான் திரும்பப் போறாங்கன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. இல்ல, அந்த ஒம்பது நாள் மறுபடி வந்துருமோன்னு பயந்துதான் போவாங்க."

"அது தலைக்குள்ளதானே இருக்கணும், எங்க ஊட்டு வாசல்ல எதுக்கு வந்து கெடக்குது?"

"சாதாரணமா உள்ளதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, சீட்டில் 'தடம் வெளியே தெரிகிறது' என்று எழுதி, அடுத்த மாதம் வரச் சொன்னார்.

ஊர் ஒரு வாரம்தான் பேசியது, பிறகு பழகிக்கொண்டது. டீக்கடை சிந்தாமணியக்கா பெஞ்சை நாலடி தள்ளிப் போட்டாள். சைக்கிள்காரர்களுக்காக ஒரு பலகை வைத்தார்கள், பலகையிலும் மறுநாள் வெள்ளை ஏறிவிட்டதால் தாண்டுவதே மேல் என்று விட்டுவிட்டார்கள். ஆடுகள் யாரும் சொல்லித்தராமலே தாண்டின. கல்யாணமாகி வந்த பெண்ணை மாப்பிள்ளையின் தாய்மாமன் தூக்கித் தாண்ட வைத்தார், அதுவே முறையாகிவிட்டது. நூறு நாள் வேலையில் தடத்தைச் செதுக்கச் சொன்னார்கள். இருபது பெண்கள் மண்வெட்டியோடு இறங்கி, அழுதபடி கொட்டாவி விட்டபடி செதுக்கி, வேலை முடிந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு ஆஜர் கொடுத்துவிட்டுப் போனார்கள். செதுக்கிய மண்ணுக்கு அடியிலிருந்து மறுநாள் அது இன்னும் வெளுப்பாக வந்தது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து தறிகெட்டுத் திரிகிற பையன்களை ஜீப்பில் கொண்டுவந்து, பயம் வரட்டும் என்று ஒரு நிமிஷம் அதில் நிறுத்தினார்கள். பெற்றவர்கள் வரிசையில் நின்றார்கள், சிந்தாமணியக்காவுக்கு வடையும் பஜ்ஜியும் தீர்ந்துபோயிற்று. "கலாமணி, உம் புருசன் புண்ணியத்துல எனக்கு யாவாரம்" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பாள். "அப்பறம் என்னக்கா, எனக்கு ஒரு டீ இனாமாக் குடு" என்பேன், கொடுப்பாள்.

பஸ் கண்டக்டர் "செங்கோடன் தடமெல்லாம் எறங்கு" என்று கத்துவதை, அந்த பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே என் வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி இரண்டு மைல் நடந்து வீட்டுக்கு வந்தார். அதன்பிறகு தோட்டத்தை விட்டு வெளியே போகவில்லை.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் அடுத்ததைக் கண்டுபிடித்தார்கள். தடம் ஷெட் கேட்டோடு முடியவில்லை. கேட்டுக்கு உள்ளே போய், சுவரோரம் நிற்கிற, ரிக்கோடு கூடப் போகிற ரங்கராசுவின் சப்போர்ட் லாரியை ஒட்டித் திரும்பி, பின்பக்க இட்டேரிச் சந்து வழியாக, கிளுவை வேலிக்குள் ஒளிந்து, மறுபடி எங்கள் சாளைக்கே வந்து சேர்ந்தது. கோடு இல்லை அது, வளையம். ரங்கராசு என் வீட்டுக்காரரோடு ராஜஸ்தானில் இருந்தவன். நான் அந்த வளையத்தின் ஓரமாகவே நடந்து சாளைக்கு வந்தேன். அவர் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ரங்கராசு லாரிக்கு எப்பப் போனீங்க?"

அரிவாளைக் கீழே வைத்தார். "அஞ்சாம் நாள். நீ ஆத்தா ஊட்டுக்குச் சுடுதண்ணி வெக்கப் போயிருந்த. ஊர்ந்துக்கிட்டே போனேன் கலா. கடுகுல பாதிதான் நாக்குல வெச்சேன். சுவிட்ச அமத்துனாப்பல நின்னுது. எல்லாம் நின்னுது. பொறவு மறுநாளே திரும்ப வந்திருச்சு."

அந்த மறுநாள் காலை அவர் இரண்டு மணி நேரம் அசந்து தூங்கினார் என்று நான் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்திருக்கிறேன்.

"மீதிப் பாதி?"

"தின்னுட்டேன்" என்றார். "நோவு மறந்தாலும் மறக்கும் போல இருக்குது. அது நின்னுது பாரு, அந்த நின்னது மறக்க மாட்டேங்குது."

நான் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மித்ராவைத் தூக்கிக்கொண்டு போய்த் துவரை உரிக்க உட்கார்ந்தேன், பாதிக்கு மேல் உள்ளே இருந்ததெல்லாம் சொத்தை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு எந்தக் கஷ்டத்துக்கும் ஒரே வைத்தியம்தான், துளை போடுவது. பங்காளிச் சண்டையா, நடுவரப்பில் ஒரு போர் போடு. பெண்ணுக்கு வரன் வரவில்லையா, அவள் பேரில் ஒரு போர் போடு. கார்த்திகை மாதம் பெரியசாமியண்ணன் வெற்றிலை போட்ட வாயோடு எங்கள் தோட்டத்துக்கு வந்தார்.

"அம்மிணி, தண்ணி எந்தப் பக்கம் போகும்? பள்ளத்துக்குத்தானே? உங்க சாளைதான் தடத்துலயே பள்ளமான எடம். அங்க ஒரு ஆறரை இஞ்சு போர எறக்கீட்டம்னா, அத்தனையும் உள்ள எறங்கிப் போயிரும்."

"அண்ணா, டீசல் வாசமே அவருக்கு ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்குது. வண்டியவே கொண்டாந்து அவரு படுத்துக் கெடந்த எடத்துல நிறுத்தறேங்கறீங்களே?"

"அந்தம்மா எத்தன போர் போட்டிருக்குது?"

ஊரே அவர் பின்னால் நின்றது.

வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தார்கள். அவரை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, ஈரச் சேலைகளைச் சந்துகளில் அடைத்தேன். கம்ப்ரஷர் உறுமியதும் அவர் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். மித்ரா அது விளையாட்டு என்று நினைத்து, தானும் காதைப் பொத்திக்கொண்டு எதிரில் உட்கார்ந்து சிரித்தாள். இருநூறு அடி, நானூறு அடி, அறுநூற்று நாற்பது அடி. தண்ணீர் இல்லை. வெறும் புழுதிதான் பனை உயரத்துக்குக் கிளம்பி, காற்று எந்தப் பக்கம் என்று தெரியாமல் கொஞ்சம் நின்று, பிறகு ஊர் முழுவதும் இறங்கியது. கூரைமேல், பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்துமேல், சிந்தாமணியக்காவின் பால் சட்டிக்குள், எல்லாவற்றின்மேலும் வெள்ளையாக இறங்கியது.

மத்தியானம் முதல் கொட்டாவியைத் தலைமையாசிரியர் விட்டார். சாயங்காலத்துக்குள் ஊரில் வாயை மூட முடிந்தவர்கள் நாங்கள் மூன்று பேரும், டவுனுக்குப் போயிருந்த கொஞ்சப் பேரும்தான். டவுனுக்குப் போனவர்கள் திரும்பி வந்து பார்த்துவிட்டு, அதே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள்.

மறுநாள் பனியில் புழுதி அடங்கியதும் அவர் கதவைத் திறந்தார். தடம் தெரிந்த நாளிலிருந்து முதல் முறையாக அவர் முகத்தில் வேர்வை இல்லாததை அப்போதுதான் பார்த்தேன். தடம் அவரைவிட்டு இறங்கி ஊர்மேல் ஏறியிருந்தது. அது அப்படியே அங்கேயே இருந்துவிடட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிள்ளை பெற்றவள் நினைக்கக்கூடிய நினைப்பா அது? நினைத்தேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

"அவங்களுக்கு இது என்னன்னே தெரியாது கலா. எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தாண்டாமல் ஊருக்குள் நடந்தார்.

நான் பெரிய போசியில் கஞ்சி காய்ச்சி உப்புப் போட்டுத் தர, அவர் வீடு வீடாகத் தூக்கிப் போனார். உதைக்கிற கால்களைப் பிடித்தார், கழிந்ததை அள்ளினார். யாருக்கும் ஆறுதலுக்காகப் பொய் சொல்லவில்லை. "நாளைக்கு இதவிட மோசமா இருக்குமுங்க. மூணாம் நாளுதான் மலை. ஒம்பதாம் நாள் சோறு ருசிக்கும், அது நெசம்" என்று ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லிக்கொண்டு போனார். அவரைப் பற்றிச் சிரித்த வாய்கள் அந்தக் கஞ்சியைக் குடித்தன. குடித்துவிட்டுத் திட்டவும் செய்தன. "உன்னாலதான்டா நாசமாப் போறோம்" என்று ஒருவர் அவர் முகத்தில் துப்பியதைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "இன்னும் ரண்டு வாய் குடிங்க" என்றாராம்.

ஐந்தாம் நாள் காலை பெரியசாமியண்ணன் வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்து எங்கள் சாளைக்கே வந்துவிட்டார். நாற்பது வண்டிகளை இந்தியா முழுக்க அனுப்பியவர், வேட்டி ஈரமாக, மண்ணில் உட்கார்ந்தார்.

"செங்கோடா, எங்கிட்ட மறைக்காதே. அது உங்கிட்ட இருக்கும். ஒரு துளி குடு சாமி."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு எட்டி, கூரை மூங்கிலின் பொந்துக்குள் விரலை விட்டு, பிளாஸ்டிக் காகிதத்தில் மடித்த ஒன்றை எடுத்தார். மீதிப் பாதி. தின்றுவிட்டேன் என்று சொன்னது. இத்தனை மாதமும் நான் அந்த மூங்கிலில்தான் மித்ராவுக்குத் தூளி கட்டியிருந்தேன்.

அது அவர் உள்ளங்கையில் இருந்தது. ஒருவர் அழுதுகொண்டு கேட்கிறார், ஒருவர் கையில் இருக்கிறது, ஈ உட்கார்ந்தால்கூட அதைவிடப் பெரிதாகத் தெரியும்.

"இதக் குடுத்தா இப்பவே நின்னுருமுங்கண்ணா" என்றார் அவர். "நின்னா, அதுக்கப்பறம் ஆயுசுக்கும் அத மறக்க மாட்டீங்க. நீங்க இன்னும் நாலு நாள் அழுங்க, நான் கூட இருக்கறேன்."

சாளை வாசலில் புதிதாகப் போட்ட போர்க்குழியின்மேல் நான் வைத்திருந்த கல்லை நகர்த்தி, அதை உள்ளே போட்டார். அறுநூற்று நாற்பது அடி. விழுந்த சத்தம் கேட்கவில்லை. பெரியசாமியண்ணன் குழியைப் பார்த்துக் கதறினார். என் வீட்டுக்காரர் அவருடைய காலைப் பிடித்து அமுக்க ஆரம்பித்தார். பிள்ளை தவழ்கிற வீடு என்பதால் நான் உடனே கல்லை இழுத்து மறுபடி மூடினேன்.

ஆனால் ஊரில் எல்லோரும் எங்களிடம் வரவில்லை. அன்றைக்கே மூன்று வீடுகளிலிருந்து ரங்கராசு லாரிக்குப் போய் வாங்கிவிட்டிருந்தார்கள். ஒன்பதாம் நாள் ஊர் எழுந்து குளித்தது, பனியும் ஒரு மழையும் புழுதியைக் கழுவின, பெரியசாமியண்ணன் குழிக்கு இரும்பு மூடி வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தார். அடுத்த வாரம் பார்த்தால் மூன்று புதுத் தடங்கள், நூல்போல மெல்லிசாக, மூன்று வாசல்களிலிருந்து ஷெட்டை நோக்கி. அதில் ஒன்று டீக்கடை வாசலிலிருந்து போனது. சிந்தாமணியக்கா இப்போது கடை திறப்பது எட்டு மணிக்கு மேல்தான். பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். "அக்கா, டாக்டரம்மாகிட்ட நான் கூட்டிட்டுப் போறேன், வா" என்றேன். "உம் புருசனக் கூட்டிட்டுப் போ" என்றாள். சிரிக்கவில்லை. நான் இன்னும் தினமும் கேட்கிறேன்.

எங்கள் தடமும் போகவில்லை, ஊர்மேலிருந்து இறங்கி அவர்மேலேயே திரும்ப ஏறிக்கொண்டது. டாக்டரம்மா சொன்னதும் அதுதான். "அழிக்க முடியாதும்மா. அதே தடத்துல வேற ஒண்ணுக்காக நடக்கணும். கடைசியில அந்தக் கருப்பு இல்லாம வேற ஒண்ணு இருக்கணும். நடந்து நடந்து அது அகலமாகணும், இது ஒடுங்கணும். வருசக்கணக்காகும்."

அந்த வேற ஒன்றாக ஜவ்வரிசி செய்கிற சேகோ ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. ஃபேக்டரி வேன் காலை ஆறரைக்கு ஷெட் கேட்டில்தான் நிற்கும், பக்கத்தில் ரங்கராசு லாரி. இந்த வாரத்தில் நாலு நாள் புறப்பட்டுப் போனார், நாலு நாளும் டீக்கடை வரைக்கும் போய், கொட்டாவி விட்டுக்கொண்டு, வேன் போகும்வரை நின்றுவிட்டுத் திரும்பினார். இன்றைக்கும் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக மேஸ்திரி நேற்றே சொல்லி அனுப்பிவிட்டார்.

இன்று காலை சோற்று டப்பாவைக் கட்டி, மித்ராவை இடுப்பில் வைத்துக்கொண்டு, நானும் வாசலுக்கு வந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தடத்தின் விளிம்பில் நின்றார். உடம்பெல்லாம் அப்போதே புல்லரித்திருந்தது. மித்ரா அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கலா" என்றார், "நீ முன்னால நட. நான் எங்கயாவது நின்னுட்டா திரும்பிப் பாக்காதே, கையப் புடிச்சு இழுக்காதே. பேசு. ஊர்க்கதை, மாட்டுக்கதை, என்னத்தையாவது பேசிக்கிட்டே போ. உஞ் சத்தம் எந்தப் பக்கம் கேக்குதோ அந்தப் பக்கமே வந்தர்றேன். வேன்ல ஏறுற வரைக்கும் மட்டும் நிறுத்தீறாதே."